எந்த போர் துப்பாக்கி வாங்குவது என்று கேட்ட தம்பிக்கு

சென்ற மார்கழியில் பிள்ளையார் நோன்புக்காக அமெரிக்காவிலிருந்து செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்திருந்த என் சித்தப்பா மகன், நோன்பை முடிக்கும் சடங்கான இழை எடுத்துக்கொண்ட மறுநாள் காலையில் எங்கள் வீட்டு முகப்பில் வந்து உட்கார்ந்து, "அண்ணே, அப்பச்சிக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்கிக் குடுத்துரலாம்னு இருக்கேன். நைன் எம்எம் போதுமா, ஃபார்ட்டி ஃபைவ் வேணுமா?" என்று கேட்டான். எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்போம். அவன் சொன்ன இரண்டும் துப்பாக்கிக் குழலின் உள்விட்ட அளவுகள்; அந்த அளவைத்தான் இங்கே 'போர்' என்பார்கள். 'ஃபார்ட்டி ஃபைவ்' என்றால் 0.45 அங்குலம், 'பாயிண்ட் 32' என்றால் 0.32 அங்குலம். அவன் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பங்களுக்குப் பொதுவான அந்தப் பெரிய வீட்டில் இப்போது சித்தப்பாவும் சித்தியும் மட்டுமே இருக்கிறார்கள். இரவுக் காவலுக்கு இருந்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஐப்பசி மழையில் ஓர் இரவு யாரோ பின்கட்டுச் சுவர் ஏறிக் குதித்து, இரண்டு பித்தளை அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அண்டா போனதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. வந்தவன் அடுத்த கட்டுக்குள் நுழைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம்தான் தம்பியை அங்கிருந்து இங்கே விரட்டிக்கொண்டு வந்தது.

அவனுக்கு வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதிவைக்கிறேன். என் அப்பச்சி காலமான பிறகு அவருடைய 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி வாரிசு முறையில் என் பெயருக்கு மாறி இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. பிற்பாடு ஒரு பாயிண்ட் 32 ரிவால்வருக்கும் உரிமம் வாங்கி, பயிற்சிக் களத்தில் முறையாகச் சுடக் கற்றுக்கொண்டேன். இந்தப் பகுதியில் உரிமம் எடுக்க நினைக்கும் உறவினர்கள் பலரும் முதலில் கேட்பது 'எந்த போர்' என்பதைத்தான் என்பதால், அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை எப்படி இருக்கும் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

முதலில், தம்பி சொன்ன இரண்டுமே இங்கே கிடைக்காது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் துப்பாக்கிகளைத் தடை செய்யப்பட்ட போர், தடை செய்யப்படாத போர் என்று இரண்டாகப் பிரிக்கின்றன. பாயிண்ட் 380, பாயிண்ட் 455 ஆகிய, அடியில் விளிம்புள்ள தோட்டாக்களையோ, படைத்துறையின் 9 மில்லிமீட்டர் தோட்டாவையோ போட்டுச் சுடக்கூடிய ரிவால்வரும் (தோட்டா அறைகள் சுழலும் கைத்துப்பாக்கி) பிஸ்டலும் (பிடிக்குள் அடுக்கிய தோட்டாக்கள் ஒவ்வொன்றாகத் தானே மேலேறும் கைத்துப்பாக்கி) முதல் வகையில் விழுகின்றன. மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் அவற்றை ஒருவர் வைத்திருக்க முடியாது. 45-உம் நம்மைப் போன்றவர்களுக்கு நடைமுறையில் கிடைப்பதில்லை. இந்தப் பிரிவினையில் குண்டின் வலிமை அளவுகோலாகக் கொள்ளப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். படையும் காவல் துறையும் பயன்படுத்தும் தோட்டா பொதுமக்களின் துப்பாக்கியில் பொருந்தக் கூடாது என்பதே இதன் அடிப்படை. மெல்லிய பழைய பாயிண்ட் 380 தடைப்பட்டியலில் இருப்பதும், அதைவிடப் பல மடங்கு வலிய 12 போர் துப்பாக்கி வெளியே இருப்பதும் இப்படித்தான் புரியும்.

ஆகவே கைத்துப்பாக்கி என்று தேடுகிற நம் ஊர்க்காரருக்கு நடைமுறையில் மிஞ்சுவது பாயிண்ட் 32-உம் பாயிண்ட் 22-உம்தான். வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியார் இறக்குமதி செய்வது 1980-களின் நடுவிலிருந்தே அடைக்கப்பட்டுவிட்டதால், அதற்கு முன் வந்த பழைய துப்பாக்கிகள் கைமாறும்போது கேட்கப்படும் விலை நம்பும்படியாக இருக்காது. உள்நாட்டில் கான்பூர் அரசு ஆலையின் பாயிண்ட் 32 ரிவால்வர் நெடுங்காலமாக இருக்கிறது. அதன் இலகுவான வடிவமாக 2014-இல் 'நிர்பீக்' வந்தது. சுமார் அரை கிலோ எடை, அறிமுக விலையே ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். 2023-இல் 'பிரபல்' வந்தது. பாயிண்ட் 32 பிஸ்டலாக 'அஷானி' கிடைக்கிறது. திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறதே, இவ்வளவு பக்கத்தில் ஏதாவது கிடைக்காதா என்று சித்தப்பா கேட்டார். 1960-களில் தொடங்கப்பட்ட அந்த ஆலையின் முதன்மையான வேலை படைகளுக்கான துப்பாக்கிகள் செய்வது. கைத்துப்பாக்கிக்கு அங்கே போய் நிற்பதில் பொருளில்லை.

பாயிண்ட் 32 என்று உரிமத்தில் எழுதப்படும் ஒரே எண்ணுக்குள் இரண்டு வெவ்வேறு தோட்டாக்கள் இருக்கின்றன என்பதை, புதிதாக வாங்குகிறவர்களிடம் கடைக்காரர்கூடச் சில நேரங்களில் விளக்கிச் சொல்வதில்லை. ரிவால்வருக்கு உரியது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். 1896-இல் உருவானது, அடியில் விளிம்பு உள்ளது, உள்ளே சுமார் 98 கிரெய்ன், அதாவது ஆறே கால் கிராமுக்குச் சற்று அதிகமான ஈயக் குண்டு. பிஸ்டலுக்கு உரியது ஜான் பிரௌனிங் 1899-இல் வடிவமைத்த 7.65 மில்லிமீட்டர் தோட்டா. இது குட்டையானது, குண்டும் 71 கிரெய்ன்தான், ஆனால் உள்ளே எழும் அழுத்தம் முன்னதைவிட அதிகம். பிஸ்டல் தோட்டாவுக்கும் மெல்லிய விளிம்பு ஒன்று இருப்பதால் சில ரிவால்வர்களின் அறைக்குள் அது போய் உட்கார்ந்துவிடக்கூடும். உட்கார்ந்துவிட்டது என்பதற்காகச் சுடக் கூடாது. குறைந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்ட பழைய ரிவால்வரில் அது உயிரோடு விளையாடுவதாகும். தோட்டா வாங்கும்போது 'பாயிண்ட் 32' என்று மட்டும் கேட்காமல், ரிவால்வர் தோட்டாவா பிஸ்டல் தோட்டாவா என்று பெயர் சொல்லிக் கேட்டு, பெட்டியின் மேல் எழுதியிருப்பதைக் கண்ணால் படித்துவிட்டுத்தான் நான் பணம் கொடுப்பேன்.

இனி வலிமை. குழலைவிட்டு வெளிவரும் குண்டின் ஆற்றலை ஜூல் கணக்கில் பார்த்தால், ரிவால்வரின் பாயிண்ட் 32 ஏறக்குறைய 150, பிஸ்டலின் பாயிண்ட் 32 ஏறக்குறைய 175, 9 மில்லிமீட்டர் ஏறக்குறைய 450, 45 அதற்குச் சற்று மேல். பாயிண்ட் 22 குட்டைக் குழலில் 100-ஐ ஒட்டியே நிற்கும். 12 போர் 2000-ஐத் தாண்டும். தம்பி இந்த எண்களைக் கேட்டதும், "அப்ப 32 வெறும் பொம்மைதானேண்ணே?" என்றான். அவன் வாழும் நாட்டில் நூறு வருடங்களுக்கு மேலாக நடக்கும் வாதம் இது. பிலிப்பைன்ஸ் யுத்தத்தில் தங்கள் 38 ரிவால்வர் எதிரியை நிறுத்தவில்லை என்ற குறைபாட்டின் பேரில் அமெரிக்கப் படை 1904-இல் சோதனைகள் நடத்தி, 45-க்குக் குறையக் கூடாது என்று முடிவு செய்தது. 1911-இல் அந்தப் பெயர்பெற்ற 45 பிஸ்டல் வந்தது. பிறகு 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையர்களோடு நடந்த சண்டையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் உயிரிழந்தார்கள். அதில் ஒரு கொள்ளையனின் கையைத் துளைத்து மார்புக்குள் நுழைந்த 9 மில்லிமீட்டர் குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுபோனது. அவன் அதன் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தான்.

அந்த நாளிலிருந்துதான் இந்தப் பேச்சு ஒழுங்கான ஆய்வாக மாறியது என்பேன். மனித தசைக்கு ஒப்பாக வார்த்த ஜெலட்டின் கட்டியில் குண்டு குறைந்தது 12 அங்குலமாவது போக வேண்டும், 18 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று எஃப்.பி.ஐ.யினர் அளவுகோல் வகுத்தார்கள். 9 மில்லிமீட்டரை விட்டு 10-க்குப் போனார்கள். சுடும்போது கையைப் பின்னுக்குத் தள்ளும் அதன் உதைப்பைப் பலரால் தாங்க முடியாமல் 1990-இல் வந்த பாயிண்ட் 40-க்கு இறங்கினார்கள். குண்டின் அமைப்பு மேம்பட்ட பிறகு, 2010-களின் நடுவில் மறுபடியும் 9 மில்லிமீட்டருக்கே திரும்பினார்கள். திரும்பியதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: உதைப்பு குறைந்த தோட்டாவில் அதே ஆள் அதிக வேகமாகவும் அதிகத் துல்லியமாகவும் சுடுகிறார். தொழிலாகவே துப்பாக்கி ஏந்துகிறவர்களுக்கே இது பொருந்துமென்றால், வருடத்தில் சில நாட்கள் மட்டும் பயிற்சிக்குப் போகும் அறுபது வயதுக்காரருக்கு எவ்வளவு பொருந்தும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கைத்துப்பாக்கிக் குண்டு எதுவானாலும் ஆளைத் தூக்கி எறியாது. திரைப்படத்தில் காண்பது போல ஒருவன் பின்னோக்கிப் பறந்து விழுவானென்றால், சுட்டவனும் அதே விசையில் பின்னால் விழுந்திருக்க வேண்டும். மூளையோ தண்டுவடமோ பாதிக்கப்பட்டால் ஒழிய, இதயத்தில் அடிபட்டவர்கூட மூளையில் மிச்சமிருக்கும் பிராணவாயுவைக் கொண்டு 10 முதல் 15 வினாடிகள் வரை இயங்க முடியும். பத்து வினாடி என்பது அரிவாளோடு வருகிறவனுக்கு எங்கள் பட்டாலையை, அதாவது முன்கட்டுக் கூடத்தைக் குறுக்கே கடந்துவிடப் போதுமான நேரம். ஆகவே 'ஒரே குண்டில் நிறுத்தும் போர்' என்று ஒன்று கிடையாது. பாயிண்ட் 32-இன் 150 ஜூல் குறைவுதான். அதைக் குறைவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் குறைவான ஆற்றலுள்ள குண்டு சரியான இடத்தில் படுவதற்கும், கூடுதல் ஆற்றலுள்ள குண்டு தூணில் படுவதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் கணக்கும் ஈடுகட்டாது.

இந்த இடத்தில்தான் நம் வீடுகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பு, பட்டாலை, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாங்கட்டு, அடுப்படிக் கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக நீளும் கட்டுகளின் வாசல்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வைக்கப்பட்டிருக்கின்றன. முன்வாசலில் நின்று பார்த்தால் பின்வாசலின் வெளிச்சம் தெரியும். காற்றோட்டத்துக்கும் மங்கலத்துக்கும் என்று நம் முன்னோர் வகுத்த அந்த நேர்கோடு, துப்பாக்கியைக் கையில் எடுத்தவருக்கு மிகுந்த ஆபத்தானது. முகப்பிலிருந்து உள்நோக்கிச் சுடப்பட்டுக் குறி தவறிய குண்டு நடுவில் எதிலும் படாமல் நேரே அடுப்படிக் கட்டுக்குப் போகும். அங்கே சமையல் உதவிக்கு இருக்கும் அம்மாள் படுத்திருப்பார். தவறியது பாயிண்ட் 32 என்பதால் அவருக்கு ஆபத்து குறைந்துவிடாது. வீட்டுக்குள் சுடும் அந்தத் தூரத்தில் 150 ஜூலும் உயிரைப் பறிக்கும்.

குறுக்குவாட்டில் நிலைமை வேறு. நம் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்ட கனமான சுவர்கள். அமெரிக்க வீடுகளில் அட்டை போன்ற தடுப்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு குண்டு அடுத்த அறைக்குப் போய்விடும் என்று தம்பி கவலைப்படுவதற்கு இங்கே இடமில்லை. எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் அந்தச் சுவரைக் கடக்காது. ஆனால் கருங்கல் தூணிலும் தரைக் கல்லிலும் சாய்வாகப் பட்ட ஈயக் குண்டு தெறிக்கும். தெறிப்பது பட்ட கோணத்திலேயே திரும்பும் என்று பலர் நினைக்கிறார்கள். மென்மையான ஈயம் அப்படிச் செய்வதில்லை. அது தட்டையாகி, பட்ட பரப்பை ஒட்டினாற்போலவே ஓடும். ஒளிய நினைப்பவர் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கக் கூடாது என்று எனக்குப் பயிற்சி கொடுத்த முன்னாள் ஹவில்தார் திரும்பத் திரும்பச் சொன்னது இதனால்தான். அவர் சொன்ன பிறகுதான் எங்கள் வளவைச் சுற்றியுள்ள தூண்களை நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன்.

தூரத்தையும் அளந்து பார்க்க வேண்டும். தம்பியைக் கூட்டிக்கொண்டு போய், சித்தப்பா படுக்கும் அறை வாசலிலிருந்து பட்டாலை வாசல் வரைக்கும் நூல் பிடித்தோம். ஒன்பது மீட்டருக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. கேட்பதற்குச் சிறிய தூரம். முதன்முதலாகப் பயிற்சிக் களத்தில் ஏழு மீட்டரில் நான் சுட்ட ஆறு குண்டுகளில் இரண்டுதான் தாளில் பட்டன. அதுவும் நல்ல வெளிச்சத்தில், யாரும் என்னை நோக்கி ஓடிவராதபோது. அதற்கு முன் பல வருடங்கள் 12 போர் துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுட்டுப் பழகியவன் நான். நீண்ட குழலுள்ள துப்பாக்கியைத் தோளும் கன்னமும் இரண்டு கைகளும் தாங்குகின்றன; கைத்துப்பாக்கியை மணிக்கட்டு மட்டுமே தாங்குகிறது. விரல் விசையை இழுக்கும்போது முனை ஓரிரண்டு மில்லிமீட்டர் அசைந்தாலே ஒன்பது மீட்டரில் அது பெரிய விலகலாகிவிடும்.

அதனால்தான் போரைப் பற்றிப் பேசும்போது விசையின் கனத்தையும் சேர்த்தே பேச வேண்டும் என்கிறேன். ரிவால்வரில் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்தாமல் நேரடியாக விசையை இழுத்துச் சுடுவதற்கு, பொதுவாக நாலரை முதல் ஐந்தரை கிலோ வரை இழுவிசை வேண்டும். சுத்தியலை முன்பே இழுத்து நிறுத்திவிட்டால் அது இரண்டு கிலோ அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் நடுங்கும் கையில் அந்த இரண்டு கிலோ மிகவும் குறைவு, நினைக்காமலே வெடித்துவிடக்கூடும். சரி, பிஸ்டல் வாங்கினால் விசை இலகுவாக இருக்குமே என்றால், அங்கே வேறு சிக்கல். சிறிய பாயிண்ட் 32 பிஸ்டல்கள் பெரும்பாலும் வெடிப்பின் விசையை மேல்பகுதியின் எடையாலும் சுருள்வில்லின் விறைப்பாலுமே தாங்கும்படி செய்யப்பட்டவை. எனவே முதல் தோட்டாவை ஏற்ற மேல்பகுதியைப் பின்னுக்கு இழுப்பது, பூட்டுமுறை கொண்ட பெரிய 9 மில்லிமீட்டர் பிஸ்டலைவிடவும் கடினமாக இருப்பதுண்டு. சிறியது என்பதால் வயதானவர்களுக்கு ஏற்றது என்று நினைப்பது தவறு. எடையும் அப்படித்தான். அதே தோட்டாவை அரை கிலோ துப்பாக்கியில் சுடுவதற்கும் முக்கால் கிலோ துப்பாக்கியில் சுடுவதற்கும், கையில் வாங்கும் உதைப்பு நன்றாகவே வேறுபடும். சட்டைப்பைக்கு இலகு என்றால் மணிக்கட்டுக்குக் கனம்.

இத்தனையும் எடைபோட்டுத்தான் நான் ரிவால்வரையும் அதன் நீளத் தோட்டாவையும் தேர்ந்தெடுத்தேன். ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டலில் அடைபட்ட தோட்டாவைக் கழற்றி எறிய நிதானமும் பழக்கமும் வேண்டும். மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்தாலும் ரிவால்வரில் சுருள்வில் அழுத்தத்தில் நிற்பதில்லை. ஆறு அறைகளிலும் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதைத் திறந்த நொடியில் கண்ணால் பார்த்துவிடலாம். உதைப்பு மிதமானது என்பதால் ஆறையும் என்னால் பார்வை சிதறாமல் சுட முடிகிறது. பாயிண்ட் 22-ஐப் பற்றிக் கேட்கிறார்கள். உதைப்பே இல்லை, பயிற்சிக்கு அருமையானது. ஆனால் அந்தத் தோட்டாவில் தீமருந்து விளிம்பைச் சுற்றித் தடவப்பட்டிருப்பதால், நடுவில் மருந்துமூடி உள்ள தோட்டாக்களைவிட வெடிக்காமல் போகும் வாய்ப்பு கூடுதல். உயிர் காக்க வைத்திருப்பதில் நான் அதை ஏற்க மாட்டேன்.

12 போர் துப்பாக்கியைச் சித்தப்பாவே நினைவூட்டினார். சட்டமும் அதற்குச் சாதகம்தான். ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, 20 அங்குலத்துக்குக் குறையாத குழலுள்ள, உட்புறம் வழுவழுப்பான துப்பாக்கியைத் தற்காப்புக்காகக் கேட்கும் குடிமகனை ஒரு விதமாகவும், மற்றத் துப்பாக்கிகளைக் கேட்பவரை இன்னொரு விதமாகவும் பார்க்கிறது. கைத்துப்பாக்கிக்கு அழுத்தமான காரணம் காட்டியாக வேண்டும். ஆற்றலிலோ அதற்கு ஈடு இல்லை. ஆனால் நம் வீட்டுக் கதவு நிலைகளின் அகலத்தில், ஒரு கையில் கைவிளக்கோடு, மறு கையில் ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள துப்பாக்கியைத் திருப்புவது இளைஞனுக்கே எளிதல்ல. அதன் ஒரே தோட்டாவிலிருந்து கிளம்பும் பல ரவைகள் கூடத்தின் நீளத்துக்கு விரிந்து போகும்போது எந்த ரவை எங்கே போகும் என்று சுட்டவரால் சொல்ல முடியாது. தோப்பு வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஊருக்குள் இருக்கும் வீட்டுக்குச் சொல்ல மாட்டேன்.

சுட்ட பிறகு வருவதையும் தம்பியிடம் மறைக்கவில்லை. தற்காப்பு உரிமை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பதும், அரசு அதிகாரிகளின் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை என்பதும் அதில் உள்ள வரம்புகள். சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீடு உடைத்து நுழைபவனுக்கு எதிராக உரிமை மரணம் விளைவிக்கும் வரையிலும் நீளலாம். ஆனால் அண்டாவைத் தூக்கிக்கொண்டு சுவர் ஏறித் திரும்பி ஓடுகிறவன் முதுகில் சுடுவது அதற்குள் வராது. 'வலிய போர் வாங்கினால் பயந்துவிடுவான்' என்ற எண்ணத்துக்கும் இங்கே இடமில்லை. காட்டிப் பயமுறுத்துவதற்காக எடுக்கப்பட்ட துப்பாக்கி, பயப்படாதவன் எதிரே வந்து நின்றால், எடுத்தவரைச் சுடுவதற்குத் தள்ளிவிடும்.

இன்னும் சில நடைமுறைகள். உரிமம் ஒருவர் பெயருக்கு உரியது. சித்தப்பா பெயரில் இருக்கும் ரிவால்வரை, அவர் மதுரைக்கு மருத்துவரைப் பார்க்கப் போயிருக்கும் இரவில் சித்தி தன்னுடையதாகக் கருதி எடுத்துவைத்துக்கொள்ள முடியாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம், காவல் துறை விசாரணை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, தனி அடையாள எண் என்று போகும் வரிசை முடிந்து உரிமம் கிடைத்தால் அது ஐந்து வருடத்துக்குச் செல்லும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் அது மூன்று வருடமாக இருந்தது. அதே திருத்தம் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றும் ஆக்கியது. தேர்தல் அறிவிப்பு வந்தால் காவல் நிலையத்திலிருந்து சொல்லி அனுப்புவார்கள். கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். சென்னையில் மகள் வீட்டுக்கு இரண்டு மாதம் போகிறவர் பூட்டிய வீட்டில் துப்பாக்கியை வைத்துவிட்டுப் போகக் கூடாது; உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் பாதுகாப்புக்குக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். ஆளில்லாத வீட்டிலிருந்து திருடுபோகும் துப்பாக்கி எந்தக் கைக்குப் போகும் என்று நினைத்தாலே எனக்கு உறக்கம் வராது. கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகள் பத்துப் பேர் வந்து இறங்குகிற வீடுகள் நம்முடையவை. தோட்டா ஒரு பூட்டிலும் துப்பாக்கி வேறொரு பூட்டிலும் இருக்க வேண்டும். அப்படி வைத்தால் நள்ளிரவில் எடுக்கத் தாமதமாகுமே என்றால், ஆகத்தான் செய்யும். அந்தத் தாமதத்தை ஏற்க முடியாதவர் வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகும் தம்பிக்கு மனம் ஆறவில்லை. "அப்ப 32 ரிவால்வரே வாங்கிரலாம், அப்பச்சியால சுட முடியாதா என்ன?" என்றான். என் ரிவால்வரை எடுத்து அடுத்தவர் கையில் கொடுத்துப் பார்க்க எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. சித்தி புளி நிறுக்க வைத்திருக்கும் வில் தராசு ஒன்று அடுப்படிக் கட்டில் தொங்கியது. அதைக் கொண்டுவந்து தூணில் கட்டி, கொக்கியில் ஆள்காட்டி விரலை மட்டும் மாட்டி, கையை நீட்டியபடியே இழுக்கும்படி சித்தப்பாவிடம் சொன்னேன். எழுபத்து நான்கு வயது. பர்மாத் தேக்குக் கதவுகளை ஒற்றைக் கையால் தள்ளித் திறந்து பழகியவர். முள் மூன்றைத் தாண்டி மூன்றரையை நெருங்கியது. அதற்கு மேல் போகவில்லை. விரல் நடுங்கத் தொடங்கி, முழங்கை வரை அந்த நடுக்கம் ஏறுவது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. இடது கையைக் கூடச் சேர்த்துப் பிடித்து இன்னொரு முறை இழுத்தார். நான்கு வந்தது. நேரடியாக விசையை இழுத்து ஆறு முறை சுட வேண்டுமானால் அந்த முள் ஐந்துக்குப் பக்கத்தில் ஆறு முறை போய் வர வேண்டும்.

சித்தப்பாவே கொக்கியிலிருந்து விரலை எடுத்துவிட்டு, "எனக்கு வேணாம்ப்பா, இந்த வயசுல அது என் கையில இருந்தா வர்றவன் கைக்குத்தான் போகும்," என்றார். தம்பி வெகுநேரம் ஒன்றும் பேசாமல் தராசையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்ன செய்யலாம் என்று கேட்டான். இருவரும் உறங்கும் அறையின் கதவுக்கு உட்புறமாக ஒரு குறுக்கு இரும்புப் பட்டை, அறைக்குள்ளேயே கைபேசி மின்னேற்றும் வசதி, பின்கட்டுச் சுவரின் மேல் விளக்கு, அண்டை வீட்டில் ஒலிக்கும்படி ஓர் அழைப்பு மணி, இரவில் தங்க ஓர் ஆள் என்று பேசி முடித்தோம். குறுக்குப் பட்டைக்கு அளவெடுக்கக் கொத்தரிடமும் தச்சரிடமும் அன்று மாலையே சொல்லி அனுப்பினான். சித்தி தராசை அவிழ்த்து, இழுத்ததில் முள் நிலை தவறிவிட்டதா என்று ஒரு கிலோ படிக்கல்லை மாட்டிப் பார்த்துவிட்டு, அடுப்படிக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.